மார்சோக்கி பாம்பர் இசட்-1: இரண்டு மழைக்காலம் ஓட்டிய பிறகு

வான்கூவருக்கு வடக்கே ஃப்ரோம் மலைத் தடங்களில் தேவதாரு வேர்கள் பின்னிக் கிடக்கும். மழை தொடங்கினால் மாதக்கணக்கில் ஈரம் காயாது. அங்கே இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டுத்தான் மலை சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சி தாங்கும் இந்த முன் ஃபோர்க்கைப் பற்றி எழுதுகிறேன். என்னுடையது 160 மி.மீ. வரை அமுங்கும், காற்று ஸ்பிரிங் வகை.

இதற்கு முன் வைத்திருந்த ஃபோர்க்கை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதைச் செய்த கம்பெனி கைமாறியது. கொஞ்ச நாளில் என் மாடலுக்கு சீல், அதாவது ஆயில் கசியாமலும் மண் நுழையாமலும் தடுக்கும் ரப்பர் வளையம், வருவதே நின்றுபோனது. அது ஒன்று கிடைக்காமல் நல்ல ஃபோர்க் ஒன்று கராஜில் தூங்குகிறது. அதனால் இந்த முறை பூர்வீகம் விசாரித்துத்தான் வாங்கினேன்.

மார்சோக்கி 1949-இல் இத்தாலியின் போலோன்யாவில் இரு சகோதரர்கள் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க் செய்து பழகிய கை. 1997-இல் ஆரஞ்சு நிறத்தில் வந்த முதல் பாம்பர் இசட்-1, உள்ளே ஆயில் ததும்ப, மோட்டார் சைக்கிள் முறையிலேயே வேலை செய்தது. 2008-இல் டென்னகோ என்ற அமெரிக்க வாகன உதிரிபாக நிறுவனம் வாங்கியது. சைக்கிள் ஃபோர்க் தயாரிப்பு தைவானுக்குப் போனது, பெயரும் மங்கியது. 2015-இல் டென்னகோ கைகழுவ, மலை சைக்கிள் பிரிவை ஃபாக்ஸ் என்ற அமெரிக்க ஃபோர்க் கம்பெனி எடுத்துக்கொண்டது. என்னுடைய இசட்-1 அவர்கள் கைக்கு வந்த பிறகு செய்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் எங்கள் ஊர் சைக்கிள் பாகக் கம்பெனியான ரேஸ் ஃபேஸையும் ஃபாக்ஸ் வாங்கியிருந்தது.

ஃபாக்ஸும் கலிஃபோர்னியாவிலிருந்து சைக்கிள் ஃபோர்க் தயாரிப்பைத் தைவானின் தைச்சுங்குக்குக் கொண்டுபோன கம்பெனிதான். இன்னொரு ஃபோர்க் கம்பெனியான ராக்‌ஷாக்ஸை 2002-இல் வாங்கிய, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராமுக்கும் அங்கே தொழிற்சாலை உண்டு. ஆகவே "தைவானில் செய்தது" என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வரும். மார்சோக்கி தைவானில் மங்கியதும் உண்மை, தைவானிலேயே தலைநிமிர்ந்ததும் உண்மை. யார், எவ்வளவு அக்கறையோடு செய்ய வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போன மாதம் சர்வீஸுக்குப் பிரித்தேன். அடியில் இருக்கும் நட்டைத் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. கீழ்க்கால்கள் கழன்று வந்தன. ஆயில் தேயிலைச் சாயம்போலக் கறுத்திருந்தது. ஸ்பாஞ்சு வளையத்தில் பொடி மண். ஆனால் மேல்குழாயில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், ஒரு கீறல்கூடத் தட்டுப்படவில்லை. சீல் வாங்கக் கடைக்குப் போனால், ஃபாக்ஸின் சொந்த ஃபோர்க்கான 36-க்கு என்று வைத்திருந்த இழுப்பறையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் அதே 36 மி.மீ. குழாய். கம்பெனிகள் இணைந்ததால் எனக்குக் கிடைத்த நேரடி லாபம் இதுதான்.

ஓட்டும்போது? வேர்மேல் வேராக வரும் இடத்தில் சக்கரம் தரையை விடுவதில்லை. மேலே அமுங்கும் வேகத்துக்கு ஒரே ஒரு கம்ப்ரஷன் திருகு, கீழே திரும்பி எழும் வேகத்துக்கு ரீபவுண்ட், அவ்வளவுதான். வேகமான அடிக்கும் மெதுவான அடிக்கும் தனித்தனியாகத் திருக விரும்புபவர்களுக்கு இது போதாது. எடையும் இரண்டு கிலோவுக்கு மேல். நீண்ட ஏற்றத்தில் தெரியும். எனக்கு அது பொருட்டில்லை.

அப்புறம், ஆசைப்பட்டுப் பழைய இத்தாலிய இசட்-1 தேடுபவர்கள், பணம் கொடுக்கும் முன் அதற்கு சீல் கிடைக்குமா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.