பால், புஷ்ஷிங், மாண்ட்ரல்: தோட்டாக் கூட்டின் கழுத்துப் பிடிக்கு எது சரிப்படும்?

சுட்டுமுடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும்போது, குண்டைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் கூட்டின் கழுத்து மட்டும்தான். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவில் குண்டின் விட்டம் 0.308 இன்ச். கழுத்தின் உள்விட்டம் அதைவிட 0.002 இன்ச் சின்னதாக இருந்தால் போதும். 0.05 மில்லிமீட்டர்தான், ஆனால் ஒரு கூடு இறுக்கமாகவும் அடுத்தது தொளதொளவென்றும் இருந்தால் வேகம் சீராக வராது. 600 கஜத்தில் குண்டுகள் மேலும் கீழுமாக விழும். உடனே எல்லோருக்கும் புது டை (கூட்டை நசுக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) வாங்கத் தோன்றும். (இது அமெரிக்காவில் தோட்டா நிரப்பும் மேசைகளில் நடக்கிற சங்கதி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

டைகளை ஒப்பிட விலையைப் பார்ப்பதில் பயனில்லை. கழுத்தைக் கடைசியாகத் தொடுவது எது, வெளியிலிருந்தா உள்ளிருந்தா என்று பாருங்கள். கடைசியாகத் தொட்ட பக்கம்தான் சீராக இருக்கும்.

கூட்டின் உடல், கழுத்து இரண்டையும் நசுக்கும் சாதாரண ஃபுல்-லெங்த் டையை எடுத்துக்கொள்வோம். மெல்லிய பித்தளை, தடித்த பித்தளை இரண்டுக்கும் ஒரே டை பொருந்த வேண்டும் என்பதால், தயாரிப்பாளர் கழுத்துப் பகுதியை வேண்டுமென்றே குறுக்கி வைக்கிறார். கழுத்து தேவைக்கு மேல் நசுங்குகிறது. பிறகு பிரஸ்ஸின் (டையைப் பொருத்தும் அழுத்து கருவி) கைப்பிடியைத் தூக்கும்போது, டையின் நடுத்தண்டில் இருக்கும் எக்ஸ்பாண்டர் பால் என்ற குமிழ் கழுத்தை உள்ளிருந்து இழுத்து விரிக்கிறது. கோளாறு பிறப்பது இந்த இழுப்பில்தான். கைப்பிடி கனத்து, பித்தளை 'கிறீச்' என்று கத்தினால் பால் கழுத்தை இழுத்துக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். தோள்பட்டை (கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) முன்னால் நகரும், கழுத்து ஒரு பக்கம் சாயும். இதற்குப் புது டை தேவையில்லை. கழுத்தின் உட்புறத்தில் கொஞ்சம் கிராஃபைட் அல்லது மைக்கா தூள், பாலுக்கு நல்ல பாலிஷ், இரண்டும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஃபார்ஸ்டர் டையில் பாலை உயரமாக வைத்திருப்பார்கள். கழுத்து டைக்குள் தாங்கலோடு இருக்கும்போதே விரிந்துவிடுவதால் சாய்வு குறைகிறது. வேட்டைக்கு ஒரு பெட்டி தோட்டா போடுகிறவருக்கு இது தாராளம்.

புஷ்ஷிங் டை (ரெட்டிங் டைப் எஸ் போன்றது) இந்த அதிகப்படி நசுக்கலைத் தவிர்க்கிறது. கழுத்துக்கு மட்டும் மாற்றக்கூடிய ஒரு வளையம், 0.001 இன்ச் படிகளில் கிடைக்கும். குண்டு செருகிய தோட்டாவின் கழுத்தை வெளியே அளந்து 0.338 வந்தால், 0.336 அல்லது 0.335 புஷ்ஷிங் வாங்கலாம். பித்தளை கொஞ்சம் மீளும் என்பதால் நான் சின்னதைத்தான் எடுப்பேன். ஆனால் இதில் இரண்டு வில்லங்கம். கழுத்துச் சுவரின் தடிமன் ஒரே சீராக இல்லாவிட்டால், புஷ்ஷிங் வெளிப்பக்கத்தை வட்டமாக்கி மேடுபள்ளத்தை உள்ளே தள்ளிவிடும். குண்டு உட்காருவது அந்த மேடுபள்ளத்தின் மேல். அடுத்து, தோளை ஒட்டிய சிறு பகுதி நசுங்காமலே நிற்கும். நீளமான குண்டின் அடிப்பகுதி அங்கே எட்டினால் பிடி மாறிப்போகும். கழுத்தைச் சீவிச் சமப்படுத்துகிறவர்களுக்குப் புஷ்ஷிங் அருமையான கருவி. சீவாதவர்கள் கொடுக்கும் காசுக்கு முழுப் பலன் கிடைப்பதில்லை.

மாண்ட்ரல் இதற்கு நேர் எதிர். ஏற்கெனவே நசுக்கிய கழுத்துக்குள் 0.306 இன்ச் உருளையை மேலிருந்து கீழாகத் தள்ளுகிறோம். பாலின் இழுப்பு கிடையாது, தோள் நகராது, மேடுபள்ளம் வெளிப்பக்கம் போய்விடும். கூடுதலாக ஒரு படி வேலை, அவ்வளவுதான். புஷ்ஷிங்கோடு சேர்த்துப் பயன்படுத்தினால் ஒரு அளவு சின்ன புஷ்ஷிங் போடுங்கள். மாண்ட்ரலுக்கு விரிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. என் ஓட்டு இதற்குத்தான்: சாதாரண டையில் பாலைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு மாண்ட்ரல். குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம். பால் இல்லாத டை கழுத்தை மிக அதிகமாக நசுக்கினால் மட்டும் புஷ்ஷிங் பக்கம் போகலாம்.

லீ நிறுவனத்தின் காலெட் டையையும் விட்டுவிடக் கூடாது. மாண்ட்ரலைச் சுற்றி விரல்கள்போல் அழுத்துவது அது. மசகே வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் கூட்டின் உடலைத் தொடாது. சில முறை சுட்டதும் ரைஃபிளின் போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) மூடக் கனக்கும், அப்போது உடலை மட்டும் நசுக்கும் பாடி டை தேடி அலைய வேண்டும். போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

எந்த டையாலும் தீராதவையும் உண்டு. பலமுறை சுட்ட பித்தளை கடினமாகி, நசுக்கினாலும் துள்ளித் திரும்பும். அதை அனீல் செய்துதான், அதாவது சூடாக்கித்தான், மென்மையாக்க முடியும். கழுத்தின் அடியில் உட்புறம் தடிப்பு வளர்ந்திருந்தால் அதை உள்ளிருந்து சுரண்டி எடுக்கும் ரீமர் வேண்டும். குண்டைச் செருகும்போது செம்புச் சுருள் உரிந்தால் வாயின் உள்விளிம்பைச் சரித்து விடுங்கள். டையைக் குறை சொல்லிப் பயனில்லை. பிடி போதவில்லை என்று கழுத்தைக் குண்டைவிட 0.005 இன்ச் சின்னதாக நசுக்குவதும் வீண். ஓர் அளவுக்கு மேல் குண்டே கழுத்தை விரித்துக்கொண்டு இறங்கும், பிடி அதற்கேற்பக் கூடாது.

அரைத் தானியங்கி ரைஃபிள் என்றால் இன்னொரு சோதனை கட்டாயம். பிடி தளர்ந்திருந்தால், மேகஸினிலிருந்து ஏறும் அடியில் குண்டு உள்ளே இறங்கி அழுத்தம் எகிறும். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டா ஒன்று செய்து, நீளத்தைக் காலிப்பரில் குறித்துக்கொண்டு, மேகஸினிலிருந்து ஏற்றி வெளியே எடுத்து மறுபடி அளங்கள். நீளம் குறைந்திருந்தால், சரிசெய்து முடிக்கும்வரை அந்த அமைப்பில் ஒரு தோட்டாகூட நிரப்பாதீர்கள்.