எடை, ஸ்கோப், தாங்கி: ரிம்ஃபயர் பெஞ்ச்ரெஸ்டில் எதற்கு வரம்பு வைப்பது?

ரிம்ஃபயர் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் துப்பாக்கியை மேசையில் தாங்கியின் மேல் கிடத்தி, 50 கஜமோ 50 மீட்டரோ தள்ளியிருக்கும் தாளில் உள்ள 25 சின்ன வட்டங்களையும் வட்டத்துக்கு ஒரு குண்டு என்று சுட வேண்டும். தோட்டா .22 லாங் ரைஃபிள்; அடிப்பகுதியின் விளிம்பில் அடித்தால் வெடிக்கும், அதுதான் ரிம்ஃபயர். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிளில் சுடுவதும் இதையேதான். கை நடுக்கத்தையும் உடல் ஆட்டத்தையும் மேசை பார்த்துக்கொள்வதால், மிச்சம் இருப்பது கருவி, தோட்டா, காற்று. அதனால் கருவிக்கு என்ன வரம்பு என்று எழுதும்போதே யார் ஜெயிக்கலாம் என்பதில் பாதி தீர்ந்துவிடுகிறது. இந்த விளையாட்டில் விதிச் சண்டை ஓயாததற்கும் அதுதான் காரணம்.

ஒரு தரப்பு எடையை வைத்துப் பிரிக்கிறது. உலகக் கூட்டமைப்பான டபிள்யூ.ஆர்.ஏ.பி.எஃப். வகுப்புகளில் ஸ்போர்ட்டருக்கு 8.5 பவுண்டு, லைட் வார்மின்ட்டுக்கு 10.5, ஹெவி வார்மின்ட்டுக்கு 15. கிலோவில் சொன்னால் 3.86, 4.76, 6.8. அமெரிக்காவில் ஐ.ஆர். 50/50 போட்டிகளிலும் இதே பாணிதான், எண்கள் 7.5, 10.5, 13.5. எதிர்த் தரப்பில் அமெரிக்காவின் ஏ.ஆர்.ஏ. அமைப்பு. அதன் அன்லிமிடெட் வகுப்பில் எடைக்கும் வரம்பில்லை, குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கும் வரம்பில்லை. கொண்டுவா, சுடு என்பதுதான் நிலைமை.

எனக்கு எடைக் கணக்கில் அவ்வளவு பிடிப்பு இல்லை. 10.5, 13.5 என்ற எண்கள் சென்டர்ஃபயர் (நடுவில் அடித்தால் வெடிக்கும், வலுவான தோட்டா) பெஞ்ச்ரெஸ்டின் லைட், ஹெவி வார்மின்ட் வகுப்புகளில் உள்ளவை. அங்கே 6 மி.மீ. பி.பி.சி. போன்ற தோட்டா தோளில் உதைக்கும். மூன்று பவுண்டு கூடினால் வித்தியாசம் தெரியும். .22-இல் உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. எடைக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. மெதுவான குண்டு குழலை விட்டுக் கிளம்புவதற்குள் துப்பாக்கி லேசாக அசையத் தொடங்கிவிடும், கனமான துப்பாக்கி குறைவாக அசையும். ஆனால் அதற்குப் பெரிதாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எடை போடும்போது ஸ்கோப்பும் சேர்த்தி. 12 முதல் 42 மடங்கு வரை பெரிதாக்கும் நைட்ஃபோர்ஸ் 12-42 ஸ்கோப் ஏறக்குறைய ஒரு கிலோ. லைட் வார்மின்ட்டில் அதைப் பூட்டினால் குழல், ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறி), கட்டை, அதிர்வைச் சீராக்கக் குழல் முனையில் மாட்டும் ட்யூனர் எல்லாம் சேர்ந்து 3.7 கிலோவுக்குள் அடங்க வேண்டும். உடனே கட்டையைக் குடைவது, கார்பன் ஃபைபருக்குப் போவது, பாதி எடையுள்ள வேறு ஸ்கோப் தேடுவது என்று செலவு தொடங்கும். செலவைக் கட்டுப்படுத்த வந்த வரம்பு, கிராமைக் குறைக்கக் காசு கேட்கிறது.

இதே ஸ்போர்ட்டர் வகுப்பில் ஒரு ஓரமாக இருக்கும் இன்னொரு விதிதான் என் கணக்கில் அசல் விதி: ஸ்கோப் 6.5 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டக் கூடாது. 50 மீட்டரில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் குறுக்குக் காற்று இந்தக் குண்டை ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளும். காற்று அதில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே குண்டு இரண்டரை மில்லிமீட்டர் நகரும். 40 மடங்கு ஸ்கோப்பில் அந்த இரண்டரை மில்லிமீட்டர் பளிச்சென்று தெரியும். குறுக்குக் கம்பியை வளையத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தி வைத்துச் சுடலாம். 6.5-இல் கம்பியின் தடிமனே வட்டத்தின் நடுப்பகுதியை மறைத்துவிடும். முந்தைய குண்டின் துளை 5.7 மி.மீ.; அது கோட்டைத் தொட்டதா, தாண்டியதா என்று அடித்துச் சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு தடவையும் காற்றுக்குத் தக்கபடி குறியை நகர்த்துவதைவிட, காற்றைக் காட்டும் கொடிகளைப் பார்த்து ஒரே மாதிரியான காற்று வரும்வரை காத்திருப்பவருக்கு வசதி. ஆட்டமே வேறாகிவிடுகிறது. சோதிப்பதும் எளிது: 6.5-20 ஸ்கோப்பாக இருந்தால் ஜூம் வளையம் 6.5-இல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். கண் மங்கிய மூத்தவர்களுக்கு இது அநியாயம் என்ற புகார் நியாயமானது. அவர்களுக்கு வார்மின்ட் வகுப்புகள் இருக்கின்றன.

அடுத்தது தாங்கி. டபிள்யூ.ஆர்.ஏ.பி.எஃப். விதியில் முன் தாங்கியும் பின் பையும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக இருக்க வேண்டும். ஏ.ஆர்.ஏ.-வில் இரண்டையும் ஒரே சட்டத்தில் இணைத்த ஒற்றைத் தாங்கி செல்லும். தனிப் பை வைத்தால் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் பை கொஞ்சம் அமுங்கும், முன்னும் பின்னும் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றைத் தாங்கியில் துப்பாக்கி தடத்தில் சறுக்கி அதே இடத்துக்கு வரும். திருகைத் திருகிக் குறி வைக்க வேண்டியதுதான் பாக்கி. இது சுடுவதா, இயந்திரம் ஓட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஏ.ஆர்.ஏ. கொடுக்கும் வசதியை மதிப்பெண்ணில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஐ.ஆர். 50/50-இல் குண்டு கோட்டைத் தொட்டால் மேல் மதிப்பெண். முழு மதிப்பெண் 250. ஏ.ஆர்.ஏ.-வில் தொட்டால் கீழ் மதிப்பெண். வட்டத்துக்கு நூறு வீதம் 2,500 எடுக்க வேண்டுமானால் 25 குண்டும் கோட்டைத் தீண்டாமல் உள்ளே விழ வேண்டும். கருவியில் தாராளம், தாளில் கறார்: தரப்பு எதுவானாலும் இந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபேக்டரி வகுப்பு என்று மூன்றாவது வழியும் உண்டு. கடையில் வாங்கிய துப்பாக்கியை அப்படியே கொண்டுவர வேண்டும். புதியவர்களை உள்ளே இழுக்க நல்லது, அதற்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன். காரணம் தோட்டா. ஒரே நிறுவனம், ஒரே பெட்டி நிறம், ஆனால் ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) ஒரு துப்பாக்கியில் பிரமாதமாகப் போகும், அடுத்த லாட் சிதறும். தோட்டா தயாரிக்கும் லாபுவா, ஈலி இரண்டும் தங்கள் சோதனைக் கூடங்களில் வாடிக்கையாளரின் துப்பாக்கியைப் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டி விற்கின்றன. பொருந்திய லாட்டை மொத்தமாக வாங்கி வைப்பவரை எந்த எடை விதியும், விலை விதியும் தொடுவதில்லை. ஃபேக்டரி வகுப்பில் துப்பாக்கிக்கு மிச்சம் பிடித்த பணம் தோட்டாவுக்குப் போகும்.

புதிதாக ஒரு கிளப் தொடங்குகிறவர்கள் கேட்டால், எடையைத் தளர்த்தி 6.5 ஸ்கோப்பை மட்டும் இறுக்கிப் பிடியுங்கள் என்பேன். எல்லாருக்கும் ஒரே லாட் தோட்டாவைப் போட்டி அன்று விற்றால் இன்னும் நல்லது; யாருடைய துப்பாக்கிக்கு அது ஒத்துவரும் என்பது அதிர்ஷ்டம்தான், ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை முன்கூட்டியே விலைக்கு வாங்க முடியாது. துப்பாக்கி வாங்கப்போகிறவருக்கு வேறு கணக்கு. வரம்பெல்லாம் மேல்வரம்புதான் என்பதால், ஸ்கோப்போடு 10.5 பவுண்டுக்குள் நிற்கும் துப்பாக்கி ஒன்று இருந்தால் லைட், ஹெவி, அன்லிமிடெட் மூன்றிலும் சுடலாம். ஸ்போர்ட்டர் ஆசை வந்தால் அதற்குத் தனித் துப்பாக்கி வேண்டியிருக்கும்.