ராம் விற்க மறுத்த மாடிக் கடை

ரங்கூனில் லேப்டாப் இழுக்கிறது என்று எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் பதில் "ராம் போடணும்", அதாவது மெமரியைக் கூட்டணும் என்பதுதான். மொகல் தெருப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிற இந்த ரிப்பேர் கடையில் அப்படிச் சொல்லவில்லை. ஏன் தேவையில்லை என்று என் மிஷினிலேயே திறந்து காட்டினார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழி. லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. கீழே தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், ரிப்பேர் செய்கிற தம்பி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து "ஏறி வாங்கக்கா" என்பார். முட்டிவலிக்காரர்கள் கயிற்றிலேயே பையைக் கட்டி அனுப்புகிறார்கள். சார்ஜரைக் கட்டுவேன், லேப்டாப்பைக் கட்ட எனக்குத் தைரியம் வராது.

நான் பயறு புரோக்கர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள். பயின்னௌங் மார்க்கெட்டில் உளுந்தும் துவரையும் சூடு பிடிக்கிற மாதங்களில் பெரிய எக்செல் ஷீட்கள், பிரவுசர், மெசேஜ் அனுப்பும் வைபர் எல்லாம் ஒன்றாகத் திறந்தே கிடக்கும். திடீரென்று மெமரி போதவில்லை, புரோகிராம்களை மூடு என்று விண்டோஸ் கத்தும். ராம் 8 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 2 ஜிபிக்கு மேல் சும்மா இருக்கிறது. இருக்கிறதை வைத்துக்கொண்டு இல்லை என்கிறதே, இதென்ன கணக்கு?

தம்பி அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே "கமிட்டட்" என்று இருந்ததைக் காட்டினார்: 7.5/7.8.

"உங்க ஆபீஸ்ல பேச்சு முடிஞ்ச உடனே மூட்டை லாரியில ஏறிடுமாக்கா?"

"எங்க ஏறும்? பேச்சு இன்னைக்கு, டெலிவரி அப்புறம்."

"விண்டோஸும் அப்படித்தான். பேச்சைத் தனியா எழுதி வச்சிருக்கு."

எக்செல் இவ்வளவு மெமரி வேண்டும் என்று கேட்டதும் விண்டோஸ் சரி என்று குறித்துக்கொள்கிறது. ராமில் இடம் ஒதுங்குவது எக்செல் அந்த மெமரியை முதல்முறை தொடும்போதுதான். ஆனால் கையில் சரக்கு இல்லாமல் விண்டோஸ் வாக்குக் கொடுக்காது. ராமும், ராமில் கொள்ளாததை இறக்கி வைக்க டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்து எவ்வளவோ, அதுதான் எல்லை. விண்டோஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான லினக்ஸ் வழக்கமாக இருப்பதைவிடக் கூடுதலாகவே பேசிவிடுமாம். எல்லாரும் ஒரே நேரத்தில் மூட்டைக்கு வந்து நின்றால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று சமாளிக்கும். அப்படி வியாபாரம் பண்ணுகிறவர்களை எனக்கும் தெரியும்.

என் மிஷினில் பேஜ் ஃபைல் பூஜ்யம். முன்பு வேறொரு இடத்தில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கை மாட்டியபோது, டிஸ்க் தேயக்கூடாது என்று அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தது ராம் மட்டும்: எல்லை அந்த 7.8, கொடுத்த வாக்கு 7.5. அதனால் 2 ஜிபி காலியாக இருந்தும் புதிதாக வாக்குக் கொடுக்க முடியாமல் விண்டோஸ் கையை விரித்திருக்கிறது. ஆபீஸ் வேலை எழுதுகிற அளவுக்கெல்லாம் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாது என்று சொல்லி, பேஜ் ஃபைலை விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டு ரீஸ்டார்ட் செய்தார். வைத்தியம் அவ்வளவுதான்.

நான் கேள்வி கேட்டதால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படமும் போட்டார். ஒவ்வொரு புரோகிராமும் மொத்த மெமரியும் தனக்கே என்ற நினைப்பில்தான் ஓடுகிறது. எக்செல் சொல்லும் அதே முகவரியைப் பிரவுசரும் சொல்லலாம், ஆனால் ராமில் இரண்டுக்கும் வேறு வேறு இடம். மெமரி 4 கேபி துண்டுகளாக, பேஜ்களாகப் பிரிந்திருக்கிறது. எந்தப் பேஜ் எங்கே என்பது பேஜ் டேபிளில் இருக்கும், பிராசசர் அதன்படி போகும். கேட்ட பேஜ் ராமில் இல்லையென்றால் விண்டோஸ் குறுக்கே வந்து டிஸ்கிலிருந்து எடுத்து வைக்கும். இந்த ஏற்பாடு மான்செஸ்டரில் அட்லஸ் என்ற கம்ப்யூட்டரில் 1962லேயே வந்துவிட்டதாம். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1962 என்றால் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்த வருஷம் என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

"ராம் கிளீனர்" ஒன்றும் என் மிஷினில் இருந்தது. அதை அழித்தார். அது புரோகிராம்களிடமிருக்கும் பேஜ்களைப் பிடுங்கி வெளியே தள்ளி, காலி இடத்தைப் பெரிதாகக் காட்டும். அடுத்த நிமிஷம் அதே பேஜ்கள் தேவைப்பட்டுத் திரும்ப வரும். வேலை இரட்டிப்பு. காலி ராமில் விண்டோஸ் அண்மையில் படித்த ஃபைல்களை வைத்திருக்கிறது, யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். அதனால் ராமில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிய "அவைலபிள்" எண்ணைப் பாருங்கள் என்றார். இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய லாபம்.

நடுவில் கரண்ட் போனது, பேட்டரி இன்வர்ட்டரில் வேலை தொடர்ந்தது. அந்தச் சாக்கில் இன்னொன்றும் செய்தார். மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகும்படி மாற்றினார். ஸ்லீப்பில் ராமுக்குக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத கணக்கு போச்சு. ஹைபர்னேட்டில் ராமில் இருப்பது டிஸ்கில் எழுதப்படும். நம் ஊர் கரண்டுக்கு இதை எல்லாரும் செய்யலாம்.

இனி குறைகள். போனை எடுக்கவே மாட்டார், வைபரில்தான் பிடிக்கவேண்டும். பில் கையெழுத்தில், பர்மியத்தில். ஆபீசில் காட்ட அச்சடித்த ரசீது வேண்டுமென்றால் கிடைக்காது. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பேச்சு அதிகம்: எனக்குப் பிடித்தது, எனக்கு அடுத்து நின்ற பெரியவர் தேயிலைத் தண்ணீரை இரண்டு முறை ஊற்றிக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவசர வேலைக்கு இந்தக் கடை ஆகாது. ஸ்கிரீன் உடைந்தது, கீபோர்டு போனது என்றாலும் வேறிடம் பாருங்கள், பாகங்கள் இருப்பு வைப்பதில்லை.

கூலியாக வாங்கியது ஒரு தட்டு டம்பவு பிரியாணி விலைகூட வராது. ராம் வேண்டவே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. உளுந்து சீசனில் "கமிட்டட்" எண் 8ஐத் தாண்டி நன்றாக ஏறி, டிஸ்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் அப்போது வாங்குங்கள், உள்ளே ஒரு ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது என்றார். இதுவரை அந்த மெசேஜ் திரும்ப வரவில்லை. போகிறவர்கள் சார்ஜரோடு போங்கள், உங்களுக்குத் தொல்லை கொடுக்கும் புரோகிராம்களைத் திறந்தபடியே மிஷினைக் கொடுங்கள். ஷட்டவுன் செய்து கொண்டுபோனால் அவர் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. ஞாயிறு விடுமுறை.