ஆர்க்கிட் தொட்டியில் மாவுப்பூச்சி: நான்கு ஆண்டு மருத்துவ அனுபவம்

என்னிடம் ஆறு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் மாவுப்பூச்சி மூன்று முறையும், சின்ன ஓடு போல இலையில் ஒட்டிக்கொள்ளும் செதில் பூச்சி ஒரு முறையும் வந்துபோயின. எல்லா மருந்தையும் பார்த்தபின் கையில் மிஞ்சியிருப்பது 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும்தான்.

இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்கு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் தொட்டதும் வெண்மெழுகு கரைந்து, பழுப்பு நிற உடல் வெளிப்பட்டது. பார்க்க அருவருப்புதான், ஆனாலும் மனதுக்கு அத்தனை திருப்தி!

இரண்டே வாரத்தில் நிறுத்தியது என் தவறு. முட்டைகளையும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளையும் ஒரே துடைப்பில் ஒழிக்க முடியாது. ஒன்றரை மாதத்தில் மீண்டும் முளைத்தன. இம்முறை செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தேன்: வேர்களுக்கு இடையிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளைப் பொடி. இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கூட்டம் கீழே குடியிருந்திருக்கிறது! பழைய மரப்பட்டைத் துண்டுகளை எல்லாம் எறிந்துவிட்டு, வேரைக் கழுவிப் புதிதாக நட்டேன். பிறகு வாரம் ஒரு முறை என ஐந்து வாரம் விடாமல் துடைத்தேன்.

வேப்பெண்ணெய் எனக்கு ஒத்துவரவில்லை. லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தேன். வீடு முழுக்க வாடை, இலையில் பிசுக்கு, அதன்மேல் தூசி. வெயில் படும் ஜன்னலோரம் தெளித்த ஓர் இலை கருகியே போனது. தோட்டத்துக்கு நல்ல மருந்து, கூடத்துக்கு அல்ல.

செதில் பூச்சியா, இலைத் தழும்பா என்ற குழப்பத்துக்கு நகமே போதும்: சுரண்டினால் பெயர்ந்து வருவது பூச்சி. பூந்தண்டில் தெளிந்த பிசுபிசுப்புத் துளி மட்டும் இருந்து, உருப்பெருக்கியிலும் பூச்சி தென்படாவிட்டால் விட்டுவிடுங்கள்; இந்தச் செடி தானாகவே அப்படிக் கசியும். அது தெரியாமல் நல்ல செடிக்கு நான் மருந்தடித்திருக்கிறேன்.

இலையின் அடிப்புறம் வெள்ளி போல வெளிறினால் சிலந்திப்பேனாக இருக்கலாம். எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சியே அல்ல. அடிப்புறத்தை நீரால் நன்கு கழுவுங்கள். குருத்தில் தேங்கும் நீரை ஒற்றியெடுக்காவிட்டால் அழுகிவிடும்.

போன வாரம் ஆறாவது செடியின் காய்ந்த அடியிலை உறையை உரித்தேன். உள்ளே ஒரே ஒரு மாவுப்பூச்சி. தொட்டி இப்போது தனி அறையில் இருக்கிறது.