வளைவு இருக்கு, ஃபார்முலா எங்க?

நேத்து ஃபிரெண்ட் ஒருத்தன் கேட்டான், "டேய், ரெண்டு வருஷம் முன்னாடி ஃபார்முலா குடுத்து ஒரு பட்டாம்பூச்சி வளைவு போட்டியே, அதுல என்னென்ன நம்பர் குடுத்த?"ன்னு. ஃபைலைத் திறந்தா வளைவு இருக்கு, ஃபார்முலா இல்ல. 1989ல கணிதவியலாளர் டெம்பிள் ஃபே குடுத்த ஒரிஜினல் பட்டாம்பூச்சி சமன்பாடு யாருக்கு வேணா கிடைக்கும், ஆனா இது அதுல இருக்கற 2ஐயும் 4ஐயும் மாத்தி மாத்தி ராத்திரி முழுக்க உக்காந்து நான் பிடிச்ச வடிவம். வளைவு மேல இருக்கற புள்ளியை, அதான் நோடை எண்ணிப் பாத்தேன், 601. அவன்கிட்ட அதை மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

நாலு வருஷமா நான் வரையறது இங்க்ஸ்கேப்ங்கற இலவச வெக்டர் ப்ரோக்ராம்லதான். அதுல ஃபார்முலாவை வெச்சு வளைவு வரைய, முதல்ல செவ்வகம் போட்டு செலக்ட் பண்ணணும், எக்ஸுக்கு ஒண்ணு ஒய்க்கு ஒண்ணுன்னு ஃபார்முலா குடுத்தா அதுக்குள்ள வளைவு வந்து உக்காரும், வந்த நிமிஷத்துல இருந்து அது வெறும் பாத், ஃபார்முலா ஒட்டாத சாதா கோடு. 3ஐ 5ஆக்கணும்னா அழிச்சிட்டு மறுபடி செவ்வகத்துல இருந்து ஆரம்பிக்கணும். டயலாக்ல கடைசியா அடிச்சது மட்டும் நிக்கும், அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் போனது போனதுதான். ஸ்டாருக்கு முனை எத்தனை, ஸ்பைரலுக்கு சுத்து எத்தனைன்னு எப்ப வேணா மாத்த முடியுதே, கணக்கு போட்டு வரையற வளைவுக்கு மட்டும் ஏன் அது இல்ல?

ஆனா வரையற விதம் இருக்கே, அதுல குறை சொல்லவே முடியாது. புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுக்காம ஒவ்வொரு புள்ளியிலயும் டெரிவேட்டிவ், அதாவது வளைவோட சாய்வு, கண்டுபிடிச்சு கோட்டை வளைக்கற பெசியர் ஹேண்டில் வைக்குது, அதனால 9 சாம்பிள்லயே வட்டம் கண்ணுக்கு முழு வட்டமாத் தெரியும். சாம்பிள்ங்கறது புள்ளிக் கணக்கு, துண்டு அதைவிட ஒண்ணு கம்மி, இது தெரியாம ஆரம்பத்துல என் லிசாஜு வளைவுல (எக்ஸுக்கும் ஒய்க்கும் சைன் குடுத்து வர்ற பின்னல் வளைவு) எல்லாம் இடப்பக்க நோடும் வலப்பக்க நோடும் பொருந்தாமலே வந்துச்சு. அடுக்குக்கு ^ போடாதீங்க, எரர் வரும், ** போடணும். பட்டாம்பூச்சிக்கு ஆறு சுத்து ஓடியும் ஜூம் பண்ணினா ஒரு இடத்துலகூட உடையல, அவ்வளவு சுத்தம்.

இன்ஸ்டால் பண்ணட்டுமான்னு அவன் கேட்டதுக்கு வேண்டாம்னுட்டேன். எனக்கு இன்னும் ஆறல. பழைய ஃபைல் ஒவ்வொண்ணா திறந்து, ஞாபகம் இருக்கற ஃபார்முலாவை அந்தந்த வளைவோட டிஸ்கிரிப்ஷன் பெட்டியில டைப் பண்ணிட்டு இருக்கேன். பட்டாம்பூச்சிக்கு மட்டும் பெட்டி காலியா இருக்கு.