‘போர்டுல டிஸ்பிளே போயிடுச்சு’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள்

கும்பகோணத்தில் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்துகொண்டு, திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று வந்ததையெல்லாம் வடிவமைத்துக் கொடுக்கும் டி.டி.பி. வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். 2023 ஆகஸ்டில், என்னுடைய பழைய கணினியில் விண்டோஸ் 7-ஐ மாற்றி விண்டோஸ் 10 போடுவதற்காக ஊரிலுள்ள ஒரு கடையில் கொடுத்தேன். 2,500 ரூபாயில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலைக்கு 10,300 ரூபாய் கொடுத்ததோடு, கெட்டுப்போகாத ஒன்றைக் கெட்டுப்போனதாக நம்பி, அதற்குப் பதிலாக ஒரு போலி கிராபிக்ஸ் கார்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கணினியை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன் கணினிக் கடையில் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் இதுவரை எழுதவில்லை. இப்போது அதே கடையின் வாசலில் ‘உங்கள் பழைய கணினியிலும் விண்டோஸ் 11’ என்று பலகை தொங்குவதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையில் நின்றாலும் உங்களுக்கு அது உதவும்.

அந்தக் கணினி 2008இல் வாங்கியது. ஏஎம்டி ஆத்லான் 64 எக்ஸ்2 பிராசசர், பிற்பாடு சேர்த்ததையும் கூட்டினால் 4 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே இருக்கும் என்விடியா ஜிஃபோர்ஸ் 6150எஸ்இ சிப்தான் திரைக்குப் படம் கொடுத்தது. பக்கம் வடிவமைக்க நான் பயன்படுத்தும் பேஜ்மேக்கர் 7-க்கு அது தாராளம். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐ இலவசமாகத் தந்தபோது, 2016இல் நானும் மாற முயன்றேன். திரையின் மூலையில் தானாக வந்து உட்கார்ந்திருந்த அந்தச் சிறிய செயலி, டிஸ்பிளேயைத் தயாரித்த நிறுவனம் அதை விண்டோஸ் 10-க்கு ஏற்றதாக ஆக்கவில்லை என்று சொல்லி, என் சிப்பின் பெயரையும் கீழே காட்டிவிட்டு நின்றுவிட்டது. வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். ஏழு ஆண்டுகள் கழித்து அப்படி விட முடியாமல் போனதற்குக் காரணம் குரோம் உலாவி. 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-க்கான குரோம் முடிந்துவிட்டதால், வாடிக்கையாளர்கள் கோப்பு அனுப்பும் தளங்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கத் தொடங்கின.

2016இல் வந்த அந்த எச்சரிக்கையைக் கடைக்காரரிடம் முதல் நாளே சொன்னேன். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அவர் தெரியாமல் செய்தார் என்று யாரும் பரிந்து பேசக் கூடாது என்பதுதான். “அதெல்லாம் அப்போ சார், இப்ப எல்லாத்துக்கும் டிரைவர் வந்துடுச்சு” என்றார். டிரைவர் என்பது இயங்குதளத்தையும் சிப்பையும் பேசிக்கொள்ள வைக்கிற சிறு மென்பொருள். உண்மையில் எதுவும் வரவில்லை. ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு என்விடியா கடைசியாகக் கொடுத்த டிரைவர் 309.08 என்ற எண்ணுடையது. அது வெளிவந்தது 2015 பிப்ரவரியில், அதாவது விண்டோஸ் 10 பிறப்பதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு. அது விண்டோஸ் 8.1-ஓடு நின்றுவிட்டது. என்விடியாவின் தளத்தில் சிப்பின் பெயரைக் கொடுத்துத் தேடினால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்தச் செய்தியை, அன்று நானும் தேடவில்லை.

கடையில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, அதில் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினார்கள். பழைய இயங்குதளத்தின் மேலேயே உயர்த்தும்போது குறுக்கே வந்து நிற்கிற சோதனை, வெற்று டிஸ்கில் நிறுவும்போது நிற்பதில்லை. நிறுவல் சத்தமில்லாமல் முடிந்துவிடும். எஸ்எஸ்டிக்கு 1,900, வேலைக்கு 600. பழைய 160 ஜிபி ஹார்ட் டிஸ்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். கோப்புகளை எடுத்துக்கொள்ளலாமே என்று அதைப் பத்திரமாக வைத்தேன். பிறகு அதுதான் என் சாட்சியானது.

வீட்டுக்கு வந்து முதல் அழைப்பிதழைத் திறந்தபோதே ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டது. எழுத்துகள் எல்லாம் சற்றுக் கொழுத்திருந்தன. நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய கோலம் முட்டை வடிவத்தில் இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்துப் பார்த்தேன்: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 12. என் மானிட்டரின் இயல்பான அளவு 1440×900. அமைப்புகளில் போய்ப் பார்த்தால் 1024×768-க்கு மேல் எதுவும் காட்டவில்லை. நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வரையப்பட்ட படத்தைப் பதினாறுக்குப் பத்து என்ற திரையில் இழுத்துப் பரப்பினால் அகலம் சரியாக ஐந்தில் ஒரு பங்கு கூடும். என் ஸ்கேலும் அதைத்தான் சொன்னது. கணினியின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தது. திரையில் திறந்திருக்கும் ஜன்னலை இழுத்தால் பின்னால் ஒரு நிழல் தேய்ந்துகொண்டே வந்தது.

இரண்டாம் முறை கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “போர்டுல டிஸ்பிளே போயிடுச்சு சார். பழைய போர்டு, லோடு தாங்கல. கார்டு போட்டாத்தான் சரியாகும்” என்றார். கண்ணாடி அலமாரியிலிருந்து ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி’ என்று ஒட்டிய கார்டை எடுத்து வைத்து, வெளியில் எட்டாயிரம், உங்களுக்கு 6,500 என்றார். அதற்கு ஆறு முள் மின்கம்பி வேண்டும் என்பதால் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டும், அதற்கு 1,300. “உங்க மானிட்டருக்கு ஏத்த மாதிரி விஜிஏ போர்ட்டும் இருக்கு பாருங்க” என்று, மானிட்டர் கம்பியைச் சொருகும் அந்தப் பழைய வகை இணைப்பைக் கார்டின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த நீல நிறத் துளைகளைப் பார்த்து நான் மகிழ்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன. டிரைவரைத் தன் பென்டிரைவிலிருந்தே போட்டார். அப்டேட் எதுவும் போட வேண்டாம், போட்டால் நான் பொறுப்பில்லை என்று இரண்டு முறை சொன்னார். கையால் எழுதிய சீட்டில் ‘கிராபிக்ஸ் கார்டு 1’ என்று மட்டும் இருந்தது. மாடலும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை.

மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு பத்தடி ஃபிளெக்ஸ் பேனரை ஃபோட்டோஷாப்பில் திறந்தபோது திரை முழுவதும் பச்சைக் கோடுகள் விழுந்து உறைந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. என்விடியாவின் தளத்திலிருந்து 1050 டிஐ-க்கான டிரைவரை இறக்கிப் போட்டதும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 43’ என்ற பிழையும் வந்து உட்கார்ந்துகொண்டன.

அன்றிரவுதான், போர்டில் டிஸ்பிளே உண்மையிலேயே போய்விட்டதா என்ற கேள்வி எனக்கு முதன்முதலாக எழுந்தது. கார்டைக் கழற்றினேன். எஸ்எஸ்டியின் சாட்டா கம்பியை உருவி, செய்தித்தாளிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்கில் மாட்டினேன். மானிட்டரின் கம்பியைப் போர்டிலேயே சொருகிப் பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் 7 எழுந்தது, 1440×900, அதே அழைப்பிதழ், அதே கோலம், ஸ்கேலை வைத்தால் 10-க்கு 10. எதுவும் எரிந்துபோகவில்லை. சிப் முன்பு போலவே நன்றாக இருந்தது. அதனோடு பேசத் தெரிந்த டிரைவர்தான் புதிய இயங்குதளத்தில் இல்லை. பொருத்தமான டிரைவர் கிடைக்காதபோது விண்டோஸ், எந்தக் கார்டிலும் ஓடக்கூடிய தன் சொந்த அடிப்படை டிரைவரைப் போட்டுக்கொண்டு, கார்டின் பயாஸ் (அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் அடிப்படை மென்பொருள்) தருகிற சில அளவுகளோடு திருப்திப்பட்டு, வரைகிற வேலை முழுவதையும் பிராசசரின் தலையில் ஏற்றிவிடுகிறது. முட்டைக் கோலமும் தேய்ந்து வந்த ஜன்னலும் அதன் அடையாளங்கள்தான்.

கார்டின் கதை அடுத்த நாள் தெரிந்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பென்டிரைவ் டிரைவரை மீண்டும் ஏற்றிப் பார்த்தேன். பெயருக்கு முன்னாலேயே, கட்டத்துக்குள், ‘போலி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுக் காட்டியது. இந்த வகை மோசடி பெருகியதால் 2018இலேயே அந்த மென்பொருளில் இந்தச் சோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது 2010 செப்டம்பரில் வெளிவந்த ஜிடிஎஸ் 450-இன் சிப்: 40 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பம், 192 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). 2016 அக்டோபரில் வந்த உண்மையான 1050 டிஐ 14 நானோமீட்டரில் செய்யப்பட்டது, அதில் 768 கோர்கள் இருக்கும். கார்டின் பயாஸை மாற்றி எழுதி, பெயரையும் நினைவக அளவையும் பொய்யாகச் சொல்ல வைத்திருந்தார்கள். 4 ஜிபி இருக்கிறது என்று நம்பி ஃபோட்டோஷாப் கேட்கும்போது, இல்லாத நினைவகத்தை எங்கிருந்து கொடுப்பது? பச்சைக் கோடுகள் வந்தன. ஆறு முள் கம்பியும் இப்போது விளங்கியது: 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்குவதால் மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ள முடியும், 450-க்கு 106 வாட் வேண்டும். சில நிறுவனங்கள் உண்மையான கார்டிலும் அந்த இணைப்பை வைப்பதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் விஜிஏ போர்ட் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1050 டிஐ அடங்கிய பாஸ்கல் தலைமுறைச் சிப்புகளில் அனலாக் வெளியீட்டையே (விஜிஏ அந்த வகைதான்) என்விடியா எடுத்துவிட்டது. கடைக்காரர் எனக்குச் சலுகை போலக் காட்டிய அந்த நீலத் துளைகளே போலி என்பதற்கான முத்திரை.

கடைக்குப் போய் இரண்டையும் காட்டினேன். தனக்கு மொத்த வியாபாரி கொடுத்தது இதுதான், தானும் ஏமாந்தவன் என்று கார்டைப் பற்றிச் சொன்னார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நன்றாக இருந்த சிப்பைப் ‘போயிடுச்சு’ என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பில் கேட்டேன். பொருளுக்கு முறையான பில் தராமலிருப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகவே வகைப்படுத்துகிறது என்றும், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை இப்போதே அழைக்கிறேன் என்றும், மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை என்றும் சொன்ன பிறகு, கார்டை எடுத்துக்கொண்டு 4,000 ரூபாய் கொடுத்தார். மீதியைக் ‘கூலி’யில் கழித்துக்கொண்டதாகச் சொன்னார். எழுதிய சீட்டில் மாடல் பெயர் இல்லாத பலவீனம் எனக்குத் தெரிந்திருந்ததால் அத்தோடு ஒத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெயரை அன்றே எழுதி வாங்கியிருந்தால் முழுத் தொகைக்கும் நின்றிருப்பேன்.

பிறகு முறையான பில்லோடு ஜிடி 710 கார்டு ஒன்றை வேறிடத்தில் 3,600 ரூபாய்க்கு வாங்கினேன். பாஸ்கலுக்கு முந்தைய கெப்ளர் தலைமுறை, 19 வாட், உண்மையாகவே விஜிஏ வெளியீடு உள்ளது. விண்டோஸ் 10 தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. கோலம் வட்டமானது. இதற்கும் ஆயுள் உண்டு: கெப்ளர் கார்டுகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை என்விடியா 2024 செப்டம்பரோடு முடித்துக்கொண்டது. ஜிடி 730 வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரே பெயரில் 2014இல் மூன்று வகைகள் வந்தன; 96 கோர்கள் உள்ளது கெப்ளருக்கும் முந்தைய ஃபெர்மி தலைமுறை, அதற்கான டிரைவர் 391.35-ஓடு 2018இலேயே நின்றுவிட்டது. 384 கோர்கள் உள்ளவைதான் கெப்ளர். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கணினியை யாரிடமும் கொடுப்பதற்கு முன்பு, அது இன்னும் பழைய விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே உள்ள பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அதன் தயாரிப்பாளர் தளத்தில் புதிய இயங்குதளத்துக்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்கை அழிக்க விடாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் இந்த வியாபாரம் இப்போது மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டைரக்ட்எக்ஸ் 12 என்ற வரைகலைத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற கிராபிக்ஸையும் டபிள்யூடிடிஎம் 2.0 என்ற விண்டோஸ் டிஸ்பிளே தரத்துக்கு எழுதிய டிரைவரையும். சோதனையைத் தாண்டி நிறுவுகிற வழிகள் கடைக்காரர்களுக்குத் தெரியும், ஆனால் இல்லாத டிரைவரை அந்த வழிகள் கொண்டுவந்து தராது. போதாக்குறைக்கு, அதன் 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட் என்ற பிராசசர் கட்டளையை எதிர்பார்ப்பதால் இன்டெலின் பழைய கோர் 2 டுவோ பிராசசர் உள்ள கணினிகளில் தொடங்கவே தொடங்காது. பக்கத்து ஜெராக்ஸ் கடை நண்பர் கோர் 2 டுவோதான் வைத்திருக்கிறார். அந்தப் பலகையைப் பார்த்து 500 ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். நான் சொன்ன பிறகு கணினியைக் கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டார். முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.