மூச்சுக்காக மசாஜ்: நான்கு முறை போய் வந்தபின்

ஆஸ்துமா எனக்குப் பழைய கூட்டாளி. மூச்சு முட்டும்போதெல்லாம் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தே கழுத்துத் தசைகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த மசாஜ் நிலையத்துக்குப் போனேன். முதல் நாளே ஒரு தப்பு: வாசனை எண்ணெயை எடுத்தார்கள், நெடி ஏறியதும் இருமல் பிடித்துக்கொண்டது, இத்தனைக்கும் படிவத்தில் ஆஸ்துமா என்று எழுதியே கொடுத்திருந்தேன். சொன்ன பிறகு வாசனையில்லாத எண்ணெய்க்கு மாறினார்கள், சரி. குப்புறப் படுக்கவும் முடியவில்லை; மசாஜ் செய்பவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் தலையணையில் சாய்த்து, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை இறங்கும் தசையை இரண்டு விரலால் மெதுவாக வழித்துவிட்டார், அப்புறம் விலா எலும்புகளுக்கு நடுவே, நான் மூச்சை வெளியே விடும்போது மட்டும், லேசான அழுத்தம். அங்கேதான் ஆள் கைதேர்ந்தவர் என்று தெரிந்தது. எழுந்தபோது தோள் இரண்டும் காதை விட்டு இறங்கியிருந்தன, மூச்சு வயிறு வரை போனது. ஆனால் இது மூச்சுக்குழாயை விரிக்கும் வைத்தியம் இல்லை, இறுகிய தசையைத்தான் தளர்த்தும். இன்ஹேலர் பையிலேயே இருந்தது, இருக்கவும் வேண்டும். இழுப்பு வந்திருக்கும் நாளில் போகாதீர்கள். பின்னணி இசைதான் கொஞ்சம் சத்தம்.